கிளி வளர்க்கலாமா? வளர்த்த கிளியை யாரிடம் கொடுப்பது?



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, ஆடு, மாடு என்று எழுதிவந்த இந்தப் பக்கத்தில் இந்த மாதம் கிளியைப் பற்றி எழுதுகிறோம். இது என்ன புதுசா இருக்கே என்று நினைக்க வேண்டாம். கொஞ்ச நாளாகக் குழுக் கூட்டங்களுக்குப் போகிற இடமெல்லாம் கிளியைப் பற்றி மூன்று விதமான கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. "வீட்டுல பச்சைக்கிளி வச்சிருக்கோம், ஃபாரஸ்ட்காரங்க பிடிப்பாங்களாமே, நெசமா?" என்பது முதல் கேள்வி. அடுத்தது ஒரே ஒரு உறுப்பினர் கேட்டது. அவர் வேலை பார்த்த பண்ணை வீட்டுக்காரர் ஊர் மாறிப் போகும்போது, கொண்டை வைத்த பெரிய வெள்ளைக் கிளி ஒன்றைக் கூண்டோடு இவரிடம் விட்டுப் போய்விட்டார். "இதை வச்சுக்கவா, வேற யார்கிட்டயாவது கொடுக்கவா?" என்று கேட்டார். மூன்றாவது, "காக்டெயில், லவ் பேர்ட்ஸ் வளர்த்து விக்க உள்கடன் கொடுக்கலாமா?" என்று ஊக்குநர்கள் கேட்பது.

மூன்றுக்கும் பதில் ஒன்றல்ல. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்ம ஊர்ப் பச்சைக்கிளி

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறோம். நம் நாட்டுக் காட்டுக் கிளிகளைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது குற்றம். 1990-களின் தொடக்கத்திலேயே இந்தியப் பறவைகளைப் பிடித்து வியாபாரம் செய்வதற்குத் தடை வந்துவிட்டது. 2022-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இப்போது பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் உள்ள உயிரினம். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். வழக்கு நீதிமன்றம் போகாமல் வனத்துறையிலேயே சமாதானத் தொகை கட்டி முடிக்கவும் வழி உண்டு. ஆனால் அந்தத் தொகையின் உச்சவரம்பையும் 2022 திருத்தத்தில் 25 ஆயிரத்திலிருந்து ஐந்து லட்சமாக ஏற்றிவிட்டார்கள்.

"நாங்க விக்கலையே, புள்ள மாதிரிதானே வளர்க்கிறோம்" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். சட்டம் அதைக் கேட்பதில்லை. பாசமாக வளர்த்தாலும், கூண்டைத் திறந்தே வைத்திருந்தாலும், 'அதுவா வந்து உட்காந்துச்சு' என்றாலும், வைத்திருப்பது வைத்திருப்பதுதான்.

பெரிய இடத்துக்காரர்களும் தப்பவில்லை. 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு திரைப்பட நடிகர் வீட்டில் இரண்டு பெரிய பச்சைக்கிளிகள் இருந்ததாகத் தெரிந்து, வனத்துறை கிளிகளை எடுத்துக்கொண்டு இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. வீட்டைச் சுற்றிக்காட்டி எடுத்த ஒரு வீடியோவில் கிளி தெரிந்ததுதான் வினை. 2024 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில், கடலூர்ப் பக்கம் வேட்பாளருக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்த கிளி ஜோசியர் ஒருவரை வனத்துறையினர் பிடித்துக் கிளிகளைக் கைப்பற்றினார்கள். செல்போனில் கிளியோடு படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

எந்தக் கிளி இந்தச் சட்டத்தில் வரும் என்று சிலருக்குச் சந்தேகம். உடம்பெல்லாம் பச்சை, சிவந்த மூக்கு, நீள வால் உள்ள சாதாரணப் பச்சைக்கிளி வரும். ஆண் கிளிக்கு மட்டும்தான் கழுத்தில் கறுப்பும் ரோஸுமாக வளையம் இருக்கும். அதுவும் இரண்டு மூன்று வயதுக்கு மேல்தான் தெரியும். அதனால் 'வளையம் இல்லை, இது வேற ஜாதி' என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். பெண் கிளியாகவோ இளசாகவோ இருக்கும். அதைவிடப் பெரியதாக, தோள்பட்டையில் சிவப்புத் திட்டோடு இருக்கும் பெரிய பச்சைக்கிளியும் வரும். ஆணுக்குத் தலை மட்டும் சிவப்பும் ஊதாவுமாக இருக்கும் சிறிய கிளியும் வரும்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், கூண்டில் இருக்கும் பச்சைக்கிளி அநேகமாக ஒரு மரப்பொந்திலிருந்து வந்ததுதான். நம் பக்கம் தை, மாசி, பங்குனியில் பட்டுப்போன பனை, தென்னை, பழைய புளியமரம் ஆகியவற்றின் பொந்துகளில் கிளி முட்டை வைக்கும். மூன்று முதல் ஐந்து முட்டை வரை இருக்கும். மூன்று வாரத்துக்கு மேல் அடைகாத்து, குஞ்சு பொரித்து, அது பறக்க இன்னும் ஆறு ஏழு வாரம் ஆகும். அதற்குள், சிறகு முளைக்கும் முன்பே, பொந்தில் கையை விட்டு எடுத்துவிடுகிறார்கள். பைக்குள்ளும் அட்டைப்பெட்டிக்குள்ளும் போட்டுக் கொண்டுபோவதில் வழியிலேயே சாகிற குஞ்சுகளும் உண்டு. பொந்துக்காக மரத்தையே வெட்டினால் அடுத்த வருசம் முட்டை வைக்கவும் இடம் இருக்காது.

சோளக்காட்டிலும் கம்பங்காட்டிலும் இதே கிளியைத் தகரம் தட்டி விரட்டுகிறவர்களும் நாம்தான். மீனாட்சி கையிலும் ஆண்டாள் கையிலும் அதைப் பார்த்துக் கும்பிடுகிறவர்களும் நாம்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குக் கிளியை இலையிலும் பூவிலும்தான் தினமும் செய்து சாத்துகிறார்கள் என்பதை இந்த இடத்தில் ஞாபகப்படுத்துகிறோம்.

ஒப்படைப்பது எப்படி?

"சரி, தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. கூண்டைத் திறந்து விட்டுடுறோம்." இதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

குஞ்சிலிருந்து கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. பூனையைப் பார்த்தால் பயப்படத் தெரியாது. மனிதரைப் பார்த்தால் கிட்டே வரும். இறக்கையை வெட்டியிருந்தால் அடுத்த முறை சிறகு உதிர்ந்து புதுசு முளைக்கும் வரை பறக்க முடியாது, அதற்குப் பல மாதம் ஆகும். பல வருசம் சின்னக் கூண்டில் இருந்த கிளிக்குச் சிறகு இருந்தாலும் நெஞ்சுத் தசையில் பலம் இருக்காது. திறந்துவிட்ட அன்று சாயங்காலமே காக்காய் கொத்தியோ நாய் கவ்வியோ முடிந்துபோகும். நாம் புண்ணியம் செய்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் போயிருப்போம். பக்கத்து வீட்டுக்கோ உறவுக்காரருக்கோ கொடுப்பதும் தீர்வல்ல. குற்றம் கைமாறுமே தவிரக் குறையாது.

சரியான வழி, பக்கத்தில் உள்ள வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைப்பதுதான். நம் மக்கள் ரேஞ்சர் ஆபீஸ் என்று சொல்வது அதைத்தான். தானே கொண்டுவந்து கொடுப்பதும், யாரோ புகார் சொல்லிப் பிடிபடுவதும் ஒன்றாகாது. 2023-இல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சில மாவட்டங்களில் வனத்துறையே நாள் குறித்து, வீட்டில் உள்ள கிளிகளைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று அறிவித்தது. தனியாகப் போகத் தயங்கினால் குழுவாகப் போங்கள். எத்தனை கிளி, எத்தனை வருசமாக இருக்கிறது, எப்படி வந்தது, தானாக முன்வந்து ஒப்படைக்கிறோம் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை கேட்டு வாங்குங்கள். மனுவுக்கு ஒப்புகை வாங்குவது நமக்குப் புதுசா என்ன!

அங்கே போனபின் கிளியை மருத்துவர் பார்ப்பார். பறக்கக்கூடியதாக இருந்தால் பெரிய கூண்டில் மற்றக் கிளிகளோடு விட்டுப் பழக்கி, பிறகு காட்டில் விடுவார்கள். முடியாதது உயிரியல் பூங்காவில் இருக்கும்.

சொல்வது சுலபம், செய்வது சுலபமில்லை என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் கூட்டமைப்பில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். அவர் வீட்டில் பதினான்கு வருசமாக ஒரு கிளி இருந்தது. கணவர் உயிரோடு இருந்தபோது அவர்தான் அதற்குப் பேசப் பழக்கினார். கணவர் போய்ச் சேர்ந்த பிறகும் தினம் காலையில் அந்தக் கிளி, அவர் கூப்பிடுவது போலவே, அதே இழுவையோடு அந்த அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். "சட்டம் சொல்லுதுன்னு நீங்க சொல்றீங்க. எனக்கு அந்த மனுசன் குரல் அது ஒண்ணுலதானே இருக்கு" என்று அவர் கூட்டத்தில் சொன்னபோது யாருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. எங்களுக்கும்தான்.

இரண்டு மாதம் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பிறகு அவரே சொன்னார்: "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இதை யாரு பாப்பா? மருமக பாக்க மாட்டா. எவனாவது கொண்டுபோய் வித்துருவான்." பேரன் செல்போனில் கிளி பேசுவதைப் பதிவு செய்துகொடுத்தான். குழுவிலிருந்து நாலு பேர் கூடப் போனார்கள். அவ்வளவு வயதான, பேசிப் பழகிய கிளியைக் காட்டில் விட முடியாது, பூங்காவில்தான் வைப்போம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். கிளி என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும் என்பதையெல்லாம் அந்த அம்மா வாயால் சொல்லச் சொல்ல வனக்காப்பாளர் ஒருவர் பொறுமையாக எழுதிக்கொண்டார். அந்தப் பொறுமைக்கு இங்கே நன்றி சொல்கிறோம்.

ஒப்படைக்கும் நாள் வரை கிளியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பால்சோறு வேண்டாம், பறவைக்குப் பால் செரிக்காது. வெறும் சோறும், வெறும் சூரியகாந்தி விதையும் போட்டுக் கொழுக்க வைக்காதீர்கள். கோவைப்பழம், கொய்யா, பச்சை மிளகாய், ஊறவைத்த பயறு, முருங்கைக்கீரை, இளம் சோளக்கதிர் கொடுக்கலாம். டீ, காபி, சாக்லேட், மிக்சர் கூடவே கூடாது. கூண்டைச் சுத்தம் செய்யும்போது காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டித் தூசி கிளப்பாமல், தண்ணீர் தெளித்து, வாயில் துணி கட்டிக்கொண்டு எடுங்கள். கிளி இனப் பறவைகளின் எச்சத் தூசியிலிருந்து மனிதருக்கு ஒரு காய்ச்சல் வரும். ஜுரம், தலைவலி, விடாத வறட்டு இருமல் என்று ஆரம்பிக்கும். சரியான மருந்து கொடுத்தால் குணமாகும். ஆனால் வீட்டில் கிளி இருக்கிறது என்று நாம் சொன்னால்தான் டாக்டருக்கு அந்த யோசனையே வரும்.

கொண்டை வைத்த வெள்ளைக் கிளி

இப்போது இரண்டாவது கேள்வி. அந்த உறுப்பினர் காட்டிய பறவையின் பெயர் காக்கட்டூ. சினிமாவிலும் சர்க்கஸிலும் பார்த்திருப்பீர்கள். கோபம் வந்தாலும் சந்தோசம் வந்தாலும் தலைக் கொண்டையை விசிறி போல விரிக்கும்.

இதில் 21 வகை உண்டு. ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, நியூகினி, பிலிப்பைன்ஸ், சாலமன் தீவுகள் ஆகியவைதான் இதன் சொந்த ஊர். நம் நாட்டுக் காட்டில் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் பச்சைக்கிளிக்கு உள்ள தடை இதற்கு அப்படியே பொருந்தாது. "நம்ம ஊர்க் கிளி வச்சிருந்தா தப்பு, வெளிநாட்டுக் கிளி வச்சிருந்தா தப்பில்லையா, இது பணக்காரங்களுக்குச் சட்டமா?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காக்கட்டூவுக்கும் கணக்கு இருக்கிறது. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தம் ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2024 பிப்ரவரி 28-இல் விதி வெளியிட்டது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தந்தார்கள், அது முடிந்துவிட்டது. இப்போது புதிதாகக் கைக்கு வந்தால் 30 நாளுக்குள் 'பரிவேஷ்' என்ற இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும், இறந்துபோனாலும் தெரிவிக்க வேண்டும். பெரிய காக்கட்டூ எல்லா வகையும் இந்தப் பட்டியலில் வரும்.

ஆக, அந்த உறுப்பினரிடம் நாங்கள் முதலில் கேட்டது "கிளி என்ன சாப்பிடும்" என்று அல்ல. "பேப்பர் இருக்கா?" என்றுதான் கேட்டோம். முதலாளி பதிவு செய்திருந்தால் அந்தச் சான்றையும், இன்னாருக்குக் கொடுத்தேன் என்ற தகவலையும் அவர்தான் பதிய வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு அதிகாரி வந்து கேட்கும்போது முதலாளி வேறு ஊரில் இருப்பார், பதில் சொல்ல வேண்டியது கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கிற நம் உறுப்பினர்தான். வேலை பார்க்கும் வீட்டில் 'சும்மா வச்சுக்கோ' என்று கொடுக்கும் விலை உயர்ந்த பொருள் எதுவாக இருந்தாலும் இப்படித்தான் கேட்க வேண்டும்.

பிறகுதான் பறவையைப் பற்றிப் பேசினோம். காக்கட்டூவை வளர்ப்பது கோழி வளர்ப்பது போல அல்ல. கூட்டமாகவே வாழ்ந்து பழகிய பறவை அது. அதற்குப் பேச்சுத்துணை வேண்டும், தினமும் பல மணி நேரம் கூண்டுக்கு வெளியே இருக்க வேண்டும், கடித்துத் துப்ப மரக்கட்டை வேண்டும். மூக்கு வளர்ந்துகொண்டே இருக்கும், கடித்தால்தான் தேயும். மரம் கொடுக்காவிட்டால் கட்டில் கால், கதவு, மின்சார ஒயர் எல்லாம் போகும். விடியும்போதும் பொழுது சாயும்போதும் கத்தும். அந்தச் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். அடித்தால் இன்னும் கத்தும். தனியாகப் போட்டுவிட்டால் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். நெஞ்சு முழுக்க மொட்டையாகி ரத்தம் வரும் வரை பிடுங்கும் பறவைகள் உண்டு. உடம்பிலிருந்து மாவு போல ஒரு வெள்ளைப் பொடி உதிரும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டுக்கு அது ஆகவே ஆகாது. ஒரே ஆளிடம் ஒட்டிக்கொண்டு மற்றவர்களைக் கடிக்கும் குணமும் உண்டு. கொட்டையை உடைக்கிற மூக்கு, குழந்தை விரலை என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் அதன் ஆயுள். நாற்பது, ஐம்பது வருசம் வாழக்கூடிய பறவை. அமெரிக்காவில் சிகாகோ நகருக்குப் பக்கத்தில் உள்ள புரூக்ஃபீல்ட் விலங்குக்காட்சி சாலையில் 'குக்கி' என்ற ஒரு காக்கட்டூ 83 வயது வரை இருந்து 2016-இல் இறந்தது. நாற்பது வயதில் ஒருவர் இதை வாங்கினால், அவருக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்று முதல் நாளே முடிவு செய்தாக வேண்டும். இதை யாரும் யோசிப்பதில்லை. குட்டியாக, கழுத்தை வளைத்துக் கொஞ்சும்போது வாங்குகிறார்கள். நாலைந்து வருசத்தில் பருவத்துக்கு வந்து கடிக்கவும் கத்தவும் ஆரம்பித்ததும் கை மாற்றுகிறார்கள். இப்படி மூன்று நாலு வீடு மாறிய காக்கட்டூக்கள் வெளிநாடுகளில் காப்பகம் காப்பகமாக இருக்கின்றன. நம் பண்ணை வீட்டுக்காரர் கதையும் அதுதான்.

அதன் சொந்த ஊரிலும் இதே கூத்து நடந்தது. இந்தோனேசியாவில் மஞ்சள் கொண்டைக் காக்கட்டூ, பிடித்துப் பிடித்து விற்றதாலேயே அழியும் நிலைக்கு வந்த பறவை. 2015 மே மாதம் சுரபாயா துறைமுகத்தில், தண்ணீர் பாட்டிலுக்குள் ஒவ்வொன்றாகத் திணித்துக் கடத்திவந்த காக்கட்டூக்களை போலீசார் பிடித்தார்கள். பாட்டிலுக்குள் தலை மட்டும் தெரிந்த அந்தப் படத்தைப் பார்த்து நாடே கொதித்தது. அதன்பிறகு அரசு அங்கங்கே மையம் திறந்து, வீட்டில் இருப்பவற்றைக் கொண்டுவந்து கொடுங்கள் என்றது. மக்களும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆஸ்திரேலியா 1960-லேயே தன் பறவைகளை விலைக்கு வெளியே அனுப்புவதை நிறுத்திவிட்டது.

கை மாற்றியே ஆக வேண்டுமென்றால்

எங்கள் உறுப்பினர் வீடு ஒரே அறை. பிள்ளைக்கு இளைப்பு வேறு. வைத்துக்கொள்ள வழியில்லை. கடைக்காரர் ஒருவர் நல்ல விலை சொன்னார். கூட்டத்தில் நாங்கள் வேண்டாமென்றோம். கடைக்குப் போனால் யார் அதிகம் கொடுக்கிறாரோ அவர் வீட்டுக்குப் போகும். அடுத்த வருசம் இன்னொரு கடைக்கு வரும். முதலாளியைப் போனில் பிடித்து, பதிவு அவர் பெயரிலேயே இருப்பதை உறுதி செய்து, அவர் வழியாகவே, ஏற்கெனவே பதிவோடு காக்கட்டூ வளர்க்கும் ஒரு குடும்பத்துக்குப் போக ஏற்பாடானது. இதற்கு ஏழு வாரம் ஆனது.

அந்த ஏழு வாரத்தில் நாங்கள் கற்றுக்கொண்டது காக்டெயிலுக்கும், ஏன், வயதான நாய்க்கும்கூடப் பொருந்தும். வாங்கப்போகிறவரை நேரில் வரச் சொல்லுங்கள், ஒரு தடவை அல்ல, மூன்று நாலு தடவை. பறவை அவர் கையில் இரை வாங்கும் வரை அவசரப்படாதீர்கள். அவர் வீட்டையும் நாம் போய்ப் பார்க்க வேண்டும். பெண் கொடுக்கும்போது போகிறோமே, அது போல. பகலில் வீட்டில் ஆள் இருக்கிறார்களா, கூண்டு எங்கே வைப்பார்கள், ஒட்டாத தோசைக்கல் பயன்படுத்தும் அடுப்படிக்குப் பக்கமா என்று பாருங்கள். அந்தக் கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வருகிற புகை பறவையை நிமிசத்தில் கொன்றுவிடும். புதுசாக துத்தநாகம் பூசிய கம்பி வலையில் கூண்டு கட்டியிருந்தாலும் ஆபத்து. மூக்கால் கம்பியைக் கடித்துக் கடித்தே விஷம் ஏறும்.

பழைய கூண்டு, பழைய இரைக்கிண்ணம், கடித்துப் பழகிய கட்டை எல்லாம் கூடவே போகட்டும். என்ன சாப்பிடும், எப்போது தூங்கும், என்ன சொல் சொல்லும், எதைக் கண்டால் மிரளும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எங்கள் காக்கட்டூ தலையில் துண்டு கட்டிய ஆண்களைக் கண்டால் அலறும். பழைய வீட்டில் என்ன நடந்ததோ! அந்த வீட்டுக்காரர் துண்டை அவிழ்த்துவிட்டுத்தான் கிட்டே போவாராம். வேறு பறவை உள்ள வீடு என்றால் ஒரு மாதமாவது தனி அறையில் வைக்கச் சொல்லுங்கள், நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். புது இடத்தில் முதல் ஓரிரண்டு நாள் பறவை மந்தமாக இருக்கும். ஆனால் ஒரு நாள் முழுக்க ஒன்றுமே தின்னாமல் சிறகைச் சிலிர்த்து உட்கார்ந்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பறவை நோயைக் கடைசி வரை மறைக்கும், வெளியே தெரியும்போது முற்றியிருக்கும்.

வளர்த்து விற்க உள்கடன்?

காக்டெயிலும் சாதாரண லவ் பேர்ட்ஸும் கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்ந்தவை. காக்டெயில், காக்கட்டூவுக்குச் சின்னத் தங்கச்சி முறை, ஒரே குடும்பம்தான். ஆனால் மேலே சொன்ன பட்டியலில் அது இல்லை. அதனால் வளர்ப்பதில் சட்டச் சிக்கல் இல்லை. கடை வைத்து விற்றால் மட்டும் 2018-இன் விதிப்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும்.

கடன் கொடுக்கலாமா என்றால், எங்கள் கருத்து இது: ஏற்கெனவே ஒரு வருசமாவது சொந்தக் காசில் இரண்டு மூன்று ஜோடி வளர்த்து, குஞ்சு எடுத்து, விற்றுக் காட்டிய உறுப்பினருக்குச் சிறிய தொகை கொடுக்கலாம். புதிதாக ஆரம்பிப்பவருக்கு வேண்டாம். "ஜோடி நாங்க தர்றோம், குஞ்சை நாங்களே வாங்கிக்கிறோம்" என்று யாராவது வந்தால் அந்த ஆளுக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஈமு கோழியில் இதே வார்த்தையைச் சொல்லித்தான் பெருந்துறைப் பக்கம் ஊர் ஊராகப் பணம் வாங்கினார்கள். 2012-இல் கம்பெனிகள் கதவைச் சாத்தியபோது கடன்காரருக்கு மிஞ்சியது தீவனம் கேட்டுக் கத்தும் பறவைகள்தான்.

பொந்திலிருந்து விழுந்த குஞ்சு

கடைசியாக ஒன்று. தை முதல் சித்திரை வரை, காற்றடித்தாலோ மரம் வெட்டினாலோ கிளிக்குஞ்சு கீழே கிடக்கும். நூறு நாள் வேலைத்தளத்தில் மரத்தடியில் கண்டெடுத்ததாக மூன்று குழுக்களில் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்க வேண்டும் என்றுதான் மனசு சொல்லும். முதலில் மேலே பாருங்கள். பொந்து கைக்கு எட்டினால் மெதுவாகத் திரும்ப வைத்துவிடலாம். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது சும்மா பேச்சு. எட்டாவிட்டால், மரமே போய்விட்டால், ஒரு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, பழைய பருத்திச் சேலைத் துண்டை விரித்து வைத்து மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பாலும் கூடாது. அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்கோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ கொண்டு சேர்த்துவிட்டு, எந்த மரத்தடியில் எடுத்தோம் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.